வேண்டாம் என்ற பொத்தான்

மார்ச் 2

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம், அப்பா சுகம், உன் அறை சுகம், உன் கணினியும் சுகம். நான் கடைசியாகச் சொன்னதைத்தான் நீ முதலில் விசாரிப்பாய் என்று எனக்குத் தெரியும்.

உன் கடிதம் வந்தது. கடிதம் என்று சொல்ல வாய் வரவில்லை, நான்கு வரி. ஸ்டூடியோ கணினியை வாங்க ஆள் பார்த்துவிட்டாயாம், மாதக் கடைசியில் வந்து எடுத்துக்கொள்வாராம், அதுவரை தூசி படாமல் துணி போட்டு மூடி வைக்க வேண்டுமாம். பெற்றவளுக்கு நான்கு வரி, பெட்டிக்குப் போர்வை. நல்ல நியாயம்டா உன்னுடையது.

போனில் பேசலாமே என்பாய். போனில் உனக்கு "ம்", "சரி", "அப்புறம்" மூன்றைத் தவிர வேறு வார்த்தை தெரியாது. செய்தி அனுப்பினால் கட்டைவிரல் படம் வருகிறது. கட்டைவிரலிடம் நான் என்னவென்று பேசுவது? ஹாஸ்டலில் இருந்தபோது பக்கம் பக்கமாக எழுதினாய். காகிதத்தைக் கண்டால்தான் உனக்கு வாய் திறக்கும், அதனால் காகிதத்தோடு வந்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஸ்கேட்டிங் அரங்கத்தில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த டீஜே தம்பிக்குக் கப்பலில் வேலை கிடைத்துவிட்டது. தங்கமான பிள்ளை, கால் அளவு பத்து. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, தன்னுடைய பழைய கன்ட்ரோலரை "நீங்களே வெச்சுக்கோங்கக்கா" என்று என் ஷூ கவுன்டரில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு பக்கமும் இரண்டு தட்டு, நடுவில் இங்கும் அங்கும் நகர்த்த ஒரு குமிழ், சுற்றிலும் விளக்கெரியும் பொத்தான்கள். இடைவேளை நேரங்களில் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து அதில் பாதி எனக்குப் பழக்கம்.

முதலாளியம்மா, "இனிமே ஆளே வேண்டாம். நூறு பாட்டை ஏத்தி விட்டா அதுவே பாடிட்டுப் போகுது" என்றார். எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, "நான் போடுறேம்மா" என்று சொல்லிவிட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ பாட்டுப் போட்டா ஷூ யாரு குடுக்கிறது?" என்று கேட்டார். பிறகு அவருக்கே என்ன தோன்றியதோ, "ரெண்டு சனிக்கிழமை தர்றேன். இருபத்தொண்ணு, இருபத்தெட்டு. ஜனங்க கால் நின்னா நீ கவுன்டருக்குத் திரும்பிடணும். மெஷினை நீயே கொண்டு வா" என்றார்.

பத்தொன்பது வருடமாகக் குனிந்து கால்களையே பார்த்துக்கொண்டிருக்கிறவள் நான். எந்தப் பாட்டுக்கு எந்தக் கால் துடிக்கும், எந்தப் பாட்டு வந்தால் ஆட்கள் ஓரத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரிந்த அளவு அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. முகம் பொய் சொல்லும், கால் சொல்லாது. உன் கால்தான் எனக்கு மறந்துபோனது. பதினான்கு வயதில் அரங்கத்துக்கு வருவதை நிறுத்தினாய். நான் கடைசியாக உனக்குக் கொடுத்த அளவு ஆறு.

எனக்கு இந்த வேலை வேண்டும். வேண்டும் என்று இதுவரை எதையும் உன்னிடம் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன். விற்கிறவரை அந்தக் கணினியை எனக்குக் கொடு. அதில் டீஜே மென்பொருளை ஏற்றி, கன்ட்ரோலரையும் உன் ஒலிச் சாமான்களையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். கடவுச்சொல்லையும் செய்முறையையும் எழுது. கட்டைவிரல் அனுப்பாதே.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அம்மா


மார்ச் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். இங்கே குளிர்பதனக் கிடங்கில் சரக்குப் பட்டியல் போடும் வேலை வழக்கம்போல் போகிறது. உள்ளேயும் குளிர், வெளியேயும் குளிர். அதனால் கடிதம் சுருங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரிப்பு வந்தது, இரண்டாம் முறை கவலை வந்தது. அம்மா, அது பாட்டுக் கேட்கும் பெட்டி இல்லை, பதிவுக்கூடக் கணினி. அதில் ஒரு அமைப்பை மாற்றினால் ஒன்பது இடத்தில் இடிக்கும். உனக்கு எதற்கு இந்த வம்பு என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். "எதையும் கேட்டதில்லை" என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த வரிக்குப் பிறகு எப்படிக் கேட்பது? சரி, மாதக் கடைசிவரை உன்னுடையது. வாங்குகிறவர் 31ஆம் தேதி வருவார்.

கடவுச்சொல்: இழுவையில்லை. ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் அடி. ஏன் இப்படி என்று கேட்காதே.

இப்போது கவனமாகக் கேள். மேசைமேல் இருக்கும் சிவப்புப் பெட்டிதான் எல்லாச் சத்தத்துக்கும் வாசல். கணினியிலிருந்து வரும் ஒலி அதன் வழியாகத்தான் ஸ்பீக்கருக்குப் போகிறது. நீ கன்ட்ரோலரைச் செருகியதும் டீஜே மென்பொருள் கன்ட்ரோலர் வழியாகச் சத்தத்தை அனுப்பப் பார்க்கும். விடாதே. அமைப்புக்குள் போய் ஒலி வெளியே போகும் இடம் சிவப்புப் பெட்டி என்று காட்டு. கன்ட்ரோலர் உன் கை மட்டும், வாய் சிவப்புப் பெட்டி. பெட்டியின் பின்னால் நான்கு துளைகள் இருக்கும். ஒன்றும் இரண்டும் ஸ்பீக்கருக்கு, அதாவது ஜனங்களுக்கு. மூன்றும் நான்கும் உன் ஹெட்ஃபோனுக்கு, அடுத்த பாட்டை நீ மட்டும் கேட்டுத் தயார் செய்ய.

இரண்டு கட்டளைகள். ஒன்று, என் பதிவு மென்பொருளைத் திறக்காதே. இரண்டு, திரையில் எந்தக் கட்டம் வந்து எதைக் கேட்டாலும், 'மாற்றட்டுமா?' என்றால் 'வேண்டாம்' என்று அழுத்து. யோசிக்காதே, வேண்டாம் என்று அழுத்து. என் ஃபைல்களில் எதுவும் மாறக் கூடாது. விற்பதற்கு முன் நானே அங்கே ஒருவரை அனுப்பி எல்லாவற்றையும் அழிக்கச் சொல்கிறேன்.

அப்பாவிடம் பெட்டியைத் தூக்கும்போது முதுகைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

உன் மகன்


மார்ச் 15

அன்புள்ள வாலுக்கு,

முதலில் நல்ல செய்தி. உன் கணினி பாடுகிறது!

அரங்கம் பிற்பகலில்தான் திறக்கிறது என்பதால் தினமும் காலையில் உன் அறையில் உட்கார்ந்தேன். முதல் நாள் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, சத்தம் மட்டும் இல்லை. உன் கடிதத்தை எடுத்துப் படித்தால் அதிலேயே பதில் இருக்கிறது. கன்ட்ரோலர்தான் வாயைப் பொத்தி வைத்திருந்தது. சிவப்புப் பெட்டியைக் காட்டினேன், ஸ்பீக்கர் அதிர்ந்தது. அப்புறம் இன்னொரு கூத்து. காதுக்குள் ரகசியமாகக் கேட்க வேண்டிய அடுத்த பாட்டும் ஓடுகிற பாட்டோடு சேர்ந்து ஸ்பீக்கரில் ஒலித்தது. அப்பா கையில் இழைப்புளியோடு ஓடிவந்து, "யாரு சண்டை போடுறது?" என்று கேட்டார். ஹெட்ஃபோனுக்கு உள்ள இடத்திலும் நான் ஒன்று, இரண்டு என்றே கொடுத்திருந்தேன். மூன்று, நான்கு என்று மாற்றியதும் சண்டை தீர்ந்தது. ஸ்பீக்கரில் ஒரு பாட்டு, என் காதில் இன்னொரு பாட்டு. குமிழை மெல்ல நகர்த்தினால் ஒன்று போய் இன்னொன்று வருகிறது, நடுவே கால் தடுக்காமல். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஐம்பத்து நான்கு வயதில் இப்படி ஒன்று என் கையால் நடக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

உன் அப்பா பேசுகிற ஆள் இல்லை, செய்கிற ஆள். தச்சுப் பட்டறையில் மிஞ்சிய பலகையில் ஒரு வண்டி செய்துவிட்டார். அரங்கத்தில் கழித்துப்போட்ட ஸ்கேட் ஷூக்களின் எட்டுச் சக்கரங்களைக் கீழே பூட்டி, கணினிக்கு ஒரு குழி, சிவப்புப் பெட்டிக்கு ஒரு தட்டு, கன்ட்ரோலருக்குச் சாய்வாக ஒரு மேடை. எல்லா வயரும் மாட்டியபடியே உருட்டிக்கொண்டு போகலாம். முதுகுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது ஒப்புதல் வாக்குமூலம். உன் பதிவு மென்பொருளைத் திறந்தேன். கை தவறிவிட்டது என்று பொய் சொல்லப்போவதில்லை. டீஜே மென்பொருளை மூடிவிட்டு, என் குரலைப் பதிவுசெய்து பார்க்கலாம் என்று திறந்தேன். ஒரு கட்டம் வந்து என்னவோ மாற்றட்டுமா என்று கேட்டது. நீ சொன்னபடி வேண்டாம் என்று அழுத்தினேன். நீ கடைசியாகச் செய்துகொண்டிருந்த பாட்டு அதுவாகவே திறந்துகொண்டது.

கேட்டேன்.

"கதவைத் திறந்தே வைத்திருந்தேன், காற்று மட்டும் வந்தது." வாலு, எவ்வளவு உற்சாகமான பாட்டுடா! சின்னப் பையன்போல் பாடியிருக்கிறாய். என் கால் மேசைக்கு அடியில் தானாகத் தாளம் போட்டது. துள்ளலான ஒரு பாட்டை இப்படிப் பாதியில் விட்டுவிட்டு, கிடங்கில் போய்ச் சரக்கு எண்ணிக்கொண்டிருக்கிறாயே, ஏன்?

சனிக்கிழமை இதைப் போடட்டுமா? உன் பதில் வருமுன் முதல் சனிக்கிழமை வந்துவிடும், அன்று தொடமாட்டேன், சத்தியம். இருபத்தெட்டுக்குச் சரி என்று எழுது.

ஆசையோடு,
அம்மா


மார்ச் 21

அம்மா,

உன் கடிதம் இன்று காலையில் வந்தது. அந்தப் பாட்டைப் போடாதே. இருபத்தொன்றும் வேண்டாம், இருபத்தெட்டும் வேண்டாம், என்றைக்கும் வேண்டாம்.

உற்சாகமான பாட்டு என்று எழுதியிருக்கிறாய். நீ கிண்டல் செய்கிற ஆள்தான், ஆனால் இதில் வேண்டாம் அம்மா. அது அழுகைப் பாட்டு. என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே சோகமான பாட்டு அதுதான். அதை எடுத்துக்கொண்டு இசை நிறுவனத்துக்குப் போனேன். பாட்டுக் கேட்டு முடிவு சொல்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார். கண்ணைத் திறந்து, "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா ஒரே இழுவை" என்றார். வீட்டுக்கு வந்து கடவுச்சொல்லை மாற்றினேன். இழுவையில்லை, இழுவையில்லை என்று தினமும் காலையில் அடித்துக்கொண்டே உட்கார்ந்தேன். ஒரு மாதம் அடித்தும் எனக்கே நம்பிக்கை வரவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டேன்.

மூன்று வருடமாக மூடி வைத்திருந்ததை நீ திறந்துவிட்டாய். திறக்காதே என்று எழுதியும் திறந்தாய். உன்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

வாங்குகிறவரிடம் பேசிவிட்டேன். 31 வரை வேண்டாம். 28ஆம் தேதி காலையிலேயே வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், உள்ளே இருப்பதை அவரே அழித்துக்கொள்ளட்டும். உன் இரண்டாவது சனிக்கிழமைக்கு வேறு கணினி பார்த்துக்கொள். மன்னித்துக்கொள்.

உன் மகன்


மார்ச் 22

என் செல்ல வாலுக்கு,

நீ இதைப் படிக்கும்போது என்மேல் கோபப்படுவாயோ, கொஞ்சுவாயோ தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சத்தியத்தை மீறிவிட்டேன். மீறினேன் என்பதைவிட, மீறவிட்டேன் என்று சொல்ல வேண்டும்.

நேற்று நானும் அப்பாவும் வண்டியை உருட்டிக்கொண்டு தெருவில் போனோம். எதிரில் வந்தவர்களெல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். அரங்கத்தில் சிவப்புப் பெட்டியின் ஒன்று, இரண்டைப் பெரிய ஸ்பீக்கருக்குக் கொடுத்தோம். ஐந்து மணிக்குத் தொடங்கினேன். முதல் நான்கு பாட்டும் தடுமாறாமல் போனது. அரங்கம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. முதலாளியம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டு கால்களையே பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு ஆசை வந்தது. நான் பாட்டுப் போடுவதைப் பதிவுசெய்து உனக்கு அனுப்பினால் என்ன? மேடையில் ஒரு மைக் தொங்குகிறது. அதைப் பெட்டியில் மாட்டி, உன் பதிவு மென்பொருளைத் திறந்தேன். கட்டம் வந்தது, வேண்டாம் என்று அழுத்தினேன். பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

மொத்த அரங்கமும் ஊமையாகிவிட்டது.

ஓடிக்கொண்டிருந்த பாட்டு வெட்டுப்பட்டாற்போல் நின்றது. சிவப்புப் பெட்டியை உன் மென்பொருள் பிடுங்கிக்கொண்டது என்று இன்று யோசிக்கும்போது புரிகிறது, அப்போது ஒன்றும் புரியவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நூறு பேர் சக்கரத்தின்மேல் நின்றபடி என்னை அண்ணாந்து பார்த்தார்கள். முதலாளியம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். பத்தொன்பது வருடமும் அந்த ஒரு நிமிடத்தில் போயிற்று என்று நினைத்தேன்.

டம், டம், டம் என்று மேளம் வந்தது. எனக்கு முதலில் விளங்கவில்லை. பதிவுப் பொத்தானை அழுத்தினால் ஏற்கெனவே உள்ளே இருப்பதும் கூடவே ஓடும் போலிருக்கிறது. உன் பாட்டு! நிறுத்தத்தான் விரலைக் கொண்டுபோனேன். பழக்க தோஷம், கீழே கால்களைப் பார்த்துவிட்டேன். அளவு நான்கு ஒன்று தட்டித் தட்டி நகரத் தொடங்கியது. அதன் பின்னால் ஒரு ஏழு. பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை விட்டார்கள். நான் விரலை எடுத்துவிட்டேன்.

இரண்டாவது தடவை "காற்று மட்டும் வந்தது" வந்தபோது கூட்டமே சேர்ந்து கத்தியது. வேகமாகச் சுற்றுகிறவர்களுக்கு முகத்தில் காற்றடிக்கிறதல்லவா, அந்த வரி அவர்களுக்காகவே எழுதினாற்போல் ஆகிவிட்டது. நீ பாதியில் விட்ட இடத்தில் பாட்டு நின்றதும், "மறுபடி! மறுபடி!" என்று ஒரே கூச்சல். மூன்று தடவை போட்டேன். அப்புறம் உன் மென்பொருளை மூடினேன், என் பாட்டுகள் திரும்பி வந்தன. ஏழரை மணிவரை ஒரு காலும் நிற்கவில்லை.

முதலாளியம்மா அருகில் வந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "அது யாரு பாட்டு?"

"எம் பையன் பாட்டு" என்றேன்.

மைக் பதிவுசெய்தது முழுதும் இந்தப் பென்டிரைவில் இருக்கிறது. சக்கரச் சத்தம், கூச்சல், நடுவில் நான் "ஐயையோ" என்று சொன்னது, எல்லாம். கேட்டுவிட்டு அப்புறம் திட்டு.

உச்சி குளிர்ந்திருக்கும்,
அம்மா


மார்ச் 29

அன்புள்ள வாலுக்கு,

நேற்று நாற்பத்து மூன்று நிமிடம் போனில் பேசிவிட்டு இன்று கடிதம் எதற்கு என்பாய். போன் காற்றோடு போய்விடும், இது பெட்டியில் இருக்கும்.

உன் 21ஆம் தேதிக் கடிதம் வெள்ளிக்கிழமைதான் என் கைக்கு வந்தது. படித்துவிட்டு உன் அறையில் உட்கார்ந்து அழுதேன். வேலை போகிறதே என்று அழவில்லை. தினமும் காலையில் அந்தச் சொல்லை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, கதவுக்கு இந்தப் பக்கம் நான் டீ வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்காமல் போயிருக்கிறேனே என்று அழுதேன். அப்பா வந்து பார்த்தார். வண்டியிலிருந்து கணினியைக் கழற்றி, துடைத்து, துணி போட்டு மூடினார். "அவன் பொருள். அவன் சொன்னா குடுத்துடணும்" என்றார். நானும் சரி என்றேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த ஆள் கயிற்றோடு வந்துவிட்டார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, அப்பா தூக்கப் போகிற நேரத்தில்தான் போன் அடித்தது.

"அம்மா, ஆள் வந்துட்டாரா?"

"கயிறு போட்டுக்கிட்டு இருக்காருடா."

"குடுக்காத."

"நீதானே குடுக்கச் சொன்னே?"

"சொன்னேன். இப்ப வேணாங்கறேன். குடுக்காதம்மா. ராத்திரி பூரா அதையேதான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

கைகாட்டினேன், அப்பா கயிற்றை அவிழ்த்தார். அவர் அவ்வளவு வேகமாக எதையும் அவிழ்த்து நான் பார்த்ததில்லை. வந்தவர் முகம் சுண்டிப்போயிற்று. பாவம், வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், சாயங்காலம் ஸ்கேட்டிங் வாருங்கள் என்று சொல்லி அளவு கேட்டு வைத்துக்கொண்டேன். எட்டு.

நீ போனில் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன், சரியா பார். டீஜே மென்பொருள் சிவப்புப் பெட்டியை வேகமான கணக்கில் ஓடவிட்டிருக்கிறது. உன் பாட்டோ மெதுவான கணக்கில் பதிவானது. உன் பாட்டை இந்தக் கணக்குக்குத் தக்கபடி மாற்றட்டுமா என்றுதான் அந்தக் கட்டம் கேட்டிருக்கிறது. மாற்று என்று அழுத்தியிருந்தால் நீ பாடியபடியே அழுதிருக்கும். நான் வேண்டாம் என்று அழுத்தியதால் பாட்டு வேகமாகி, உன் குரலும் மேலே ஏறிக்கொண்டது. இரண்டு தடவையும் அதே கட்டம், அதே பதில். நான் இதுவரை உன் சோகப் பாட்டைக் கேட்டதே இல்லை!

"நீ வேண்டாம்னு அழுத்தச் சொன்னே, நான் அழுத்துனேன்" என்று நான் சொன்னதும் சிரித்தாயே, அந்தச் சிரிப்பைக் கேட்டு மூன்று வருடம் இருக்கும். அப்பா பக்கத்தில் வந்து காதை வைத்துக் கேட்டார். அவர் கண் கலங்கியதை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

சாயங்காலக் கதை. நீ சொல்லிக்கொடுத்தபடி பாட்டை அந்த வேகத்திலேயே ஒரு ஃபைலாக எடுத்து டீஜே மென்பொருளுக்குள் போட்டுக்கொண்டேன். இனி யாரும் யாரிடமும் பெட்டியைப் பிடுங்க வேண்டாம். ஐந்து மணிக்குக் கதவு திறந்தால் வரிசை தெருமுனைவரை நிற்கிறது. போன வாரம் வந்தவர்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். ஷூ கவுன்டரில் புதிதாக வந்த பெண்ணால் சமாளிக்க முடியவில்லை. மேடையிலிருந்து பார்க்கிறேன், முதலாளியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறார். குனிந்து குனிந்து ஷூ எடுத்துக் கொடுக்கிறார்! "ஷூ யாரு குடுக்கிறது?" என்று கேட்டவர்தானே.

ஆறு மணிக்கு உன் பாட்டைக் கலந்தேன். அதற்கு முந்திய பாட்டு எங்கே முடிந்தது, உன்னுடையது எங்கே தொடங்கியது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அவ்வளவு சுத்தம். பெருமையாகத்தான் சொல்கிறேன். கயிற்றுக்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சுற்றினார்.

முடிந்ததும் முதலாளியம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு வந்தார். "ஏப்ரல்லேருந்து மேடை உனக்குத்தான். கவுன்டருக்கு இன்னொரு ஆள் பாக்கணும், எனக்கு முதுகு போச்சு" என்றார்.

ஜெயித்துவிட்டேன்டா. உன் அம்மா ஜெயித்துவிட்டாள்.

ஆனந்தத்தோடு,
டீஜே அம்மா


ஏப்ரல் 5

என் அன்பு டீஜே அம்மாவுக்கு,

நான் நலம். கிடங்கில் எல்லோருக்கும் பாட்டைப் போட்டுக் காட்டிவிட்டேன். தூக்குவண்டி ஓட்டுகிறவர் பெட்டிகளை இறக்கும்போது "காற்று மட்டும் வந்தது" என்று பாடிக்கொண்டே இறக்குகிறார். தமிழ் தெரியாத மனிதர், தாளம் தவறவில்லை.

பென்டிரைவை முதல் தடவை கேட்டபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என் பாட்டை யாரோ கேலிச்சித்திரம் வரைந்ததுபோல் இருந்தது. இரண்டாம் தடவை பாட்டை விட்டுவிட்டுச் சக்கரச் சத்தத்தைக் கேட்டேன். முதலில் ஒன்று, இரண்டு, பிறகு அரங்கம் முழுக்க. கண்ணை மூடினால் நீ பார்த்த கால்கள் எனக்கும் தெரிந்தன. அந்த இசை நிறுவனத்துக்காரர் சொன்னது சரிதான் அம்மா. இழுவையாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று வருடமும், ஒரு வேண்டாம் பொத்தானும், சொன்ன பேச்சை அரைகுறையாகக் கேட்கிற ஒரு தாயும் தேவைப்பட்டிருக்கிறது.

இரண்டாவது சரணத்தை எழுதிவிட்டேன். இதோடு வைத்திருக்கும் தாளைப் பார். முதல் சரணத்தில் கதவைத் திறந்து வைத்தவன் காத்திருக்கிறான். இரண்டாவதில் அவனே எழுந்து வெளியே போகிறான். உன் வேகத்திலேயே எழுதியிருக்கிறேன், மெதுவாக்கப் போவதில்லை. விடுப்பு கிடைத்துவிட்டது, 25ஆம் தேதி சனிக்கிழமை பிற்பகல் வந்து சேர்கிறேன். மறுநாள் பாடிப் பதிவு செய்யலாம். கணினி உன்னுடையது, எப்போது காலி என்று நீதான் சொல்ல வேண்டும். கடவுச்சொல்லை மாற்றிவிடு. இன்னதென்று எழுதாதே, வந்து நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, காகிதத்தில்தான் எனக்கு வாய் திறக்கும் என்று நீயே சொன்னாய். பதினான்கு வயதில் நான் ஏன் அரங்கத்துக்கு வருவதை நிறுத்தினேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. என் வகுப்புப் பையன்களோடு வந்திருந்தேன். அவர்களில் ஒருவன் காலை நீட்ட, நீ தரையில் மண்டியிட்டு அவன் லேஸைக் கட்டினாய். என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் உன்னைத் தெரியாதவன்போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ அதைப் பார்த்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு வெட்கப்பட்டதற்காக இன்றைக்கு வெட்கப்படுகிறேன், அம்மா.

25ஆம் தேதி வீட்டுக்குப் போகாமல் நேராக அரங்கத்துக்கு வருவேன். வரிசையில் நின்று எல்லோரையும்போல் சீட்டு வாங்குவேன். என் அளவு ஒன்பது. கவுன்டரில் சொல்லி வை. லேஸை நானே கட்டிக்கொள்கிறேன். நீ மேலே நின்று பாட்டைப் போடு.

உன்,
வாலு